பின்கதவைக் காட்டிய கை

மெல்போர்ன் நகருக்கு வெளியே நான் வேலை பார்க்கும் வாணவெடிக் கிடங்கில், திரி பொருத்தும் அறையின் கதவில் மூன்று என்ற எண் எழுதப்பட்டிருக்கிறது. மூவர் உள்ளே இருந்தால் நான்காமவர் வெளியே நின்றுவிடுகிறார். மழையிலும் நிற்கிறார், கண்காணிக்க ஒருவரும் இல்லாதபோதும் நிற்கிறார். வந்த புதிதில், இவர்கள் யாருக்காக இப்படி நிற்கிறார்கள் என்பது எனக்கு விளங்கவில்லை. நம் ஊர் ஆலைகளிலும் கதவில் எண் உண்டு. அது அதிகாரிகள் படிப்பதற்காக எழுதப்பட்டது என்றே நான் எண்ணியிருந்தேன்.

நாரணாபுரத்துப் பட்டாசு ஆலை ஒன்றில் இருபத்தாறு ஆண்டுகள் போர்மேனாக இருந்தவன் நான். மருந்தின் ஈரப்பதத்தை விரல் நுனியால் தொட்டே சொல்லிவிடுவேன். மகள் அழைத்ததால் ஐம்பத்தெட்டாவது வயதில் இங்கு வந்து, சாதாரணத் தொழிலாளியாகச் சேர்ந்தேன். சென்ற ஆண்டு வேலை முறை அடியோடு மாறிற்று. அறைக்கு ஒரு டேப்லெட் வந்தது. ஈரத்தைக் கருவி அளந்தது; யார் உள்ளே போனார், எப்போது வெளியே வந்தார் என்பதையெல்லாம் திரையில் பதிய வேண்டியிருந்தது. என் விரல் நுனிக்கு வேலை இல்லாமல் போயிற்று. அந்தச் சமயத்தில் டீம் லீடர் பதவி காலியானது. இழந்த மதிப்பை அதில் மீட்டுக்கொள்ளலாம் என்று ஆசைப்பட்டேன். விடியற்காலையில் பதிகம் ஓதி முடித்ததும், அதே இடத்தில் அமர்ந்து டேப்லெட்டைப் பயின்றேன். ஒரு மாதம் அறையை நடத்திக் காட்டுங்கள், பிறகு முடிவு செய்வோம் என்றார் மேலாளர் ஹெலன்.

புத்தாண்டுக்கான லோடு கிளம்ப வேண்டிய நாள் வந்தது. வேலை முடியாது போலிருந்தது. நான்காவது ஆளாக லியென் என்ற வியட்நாம் பெண்மணியைப் பதிவு செய்யாமலே உள்ளே அமர்த்தினேன். அவருக்கும் ஏறத்தாழ என் வயதுதான். முற்பகலில் வாசலில் வெள்ளை வண்டி ஒன்று வந்து நின்றது. சோதனைக்கு வந்துவிட்டார்கள் என்று நினைத்தேன்; இல்லை, நினைக்கக்கூட இல்லை. அறைக் கதவுக்கு வெளியே நின்று மேற்பார்த்த என் கை தானாக எழுந்து பின்கதவைக் காட்டியது. லியெனை அழைத்துப்போய்க் குப்பைத் தொட்டிகளுக்குப் பின்னால் நிறுத்தி, கூப்பிடும்வரை வர வேண்டாம் என்றேன். மற்ற மூவரும் தாமாக எழுந்து, ஆபத்துக்காலத்தில் கூட வேண்டிய மைதானத்துக்குப் போய் வரிசையாக நின்றுவிட்டார்கள். இந்த நாட்டில் பின்கதவைக் காட்டினால் அதற்கு அந்த ஒரே பொருள்தான்.

வண்டியில் வந்தவர் குடிநீர்க் கருவியைப் பழுதுபார்ப்பவர்.

மைதானத்தில் நின்றவர்களைக் கண்டு ஹெலன் ஓடிவந்தார். "ஏதாவது வாடை வந்ததா?" என்று கேட்டார். "பயமாக இருந்தது" என்றேன். அது பொய்யன்று; எதற்குப் பயந்தேன் என்பதைத்தான் சொல்லவில்லை. "பயம் வந்த உடனே ஆட்களை வெளியேற்றினீர்கள். எனக்கு அது போதும்" என்றார். நான் தலைகுனிந்தேன். அதை அவர் பணிவு என்று எடுத்துக்கொண்டார். மறுவாரம் பதவி எனக்குக் கிடைத்தது. லியென் கைகுலுக்கி வாழ்த்தினார், பிறகு குரலைத் தாழ்த்தி, "அடுத்த முறையும் அதே இடத்தில்தான் நிற்க வேண்டுமா?" என்று கேட்டார். அவர் கேலி செய்யவில்லை. தெரிந்துகொள்ளவே கேட்டார்.

நாரணாபுரத்தில் சோதனை அதிகாரிகளின் ஜீப் திரும்பும்போதே வாட்ச்மேன் சீழ்க்கையடிப்பார். நால்வருக்கான அறையில் இருந்த எட்டுப் பேரில் நால்வரைப் பின்கதவு வழியாகச் சீமைக்கருவேலப் புதருக்குள் அனுப்புவேன். பேச்சியம்மாள் எப்போதும் அந்த நால்வரில் ஒருத்தி. "அண்ணாச்சி, ஆபீசரைத் தெனமும் வரச்சொல்லுங்க. முள்ளுக்குள்ள ஒக்காந்திருக்கிற நேரந்தான் உசுருக்குப் பயமில்லாம இருக்கு" என்பாள். எல்லாரும் சிரிப்பார்கள். நானும் சிரித்திருக்கிறேன். எங்கள் அறையில் விபத்து நேராததை இறையருள் என்று பலரிடம் சொல்லியிருக்கிறேன். என் களவுக்கு இறைவனைக் காவல் வைத்திருந்தேன் என்பது இப்போதுதான் உறைக்கிறது. தம்மைக் கடையர் என்றும் பொய்யர் என்றும் சொல்லிக்கொள்ளும் அடியார்களின் பாடல்களை நாற்பது ஆண்டுகளாகப் பண்ணோடு பாடிவருகிறேன். பதவி கிடைத்த மறுநாள் காலையில் அந்தச் சொற்கள் வந்த இடத்தில் பாட்டை நிறுத்திப் புத்தகத்தை மூடிவைத்தேன்.

பேச்சியம்மாள் இப்போது சாத்தூரில் தீப்பெட்டி ஆலைக்குப் போகிறாள். பதவி கிடைத்ததைச் சொல்லத்தான் அவளைத் தொலைபேசியில் அழைத்தேன், முழுவதையும் சொல்லிவிட்டேன்.

"அம்புட்டுத் தூரம் போயும் இதே சோலிதானா அண்ணாச்சி?" என்று சிரித்தாள். பிறகு, "அந்தம்மா நின்ன எடத்துல நெழலு இருந்துச்சா?" என்று கேட்டாள்.

"கவனிக்கலம்மா."

"கவனிச்சிருக்க மாட்டீக. எங்களயும் கவனிச்சதில்ல." குரலில் கோபமே இல்லை. "சரி, சாப்பிட்டீகளா?"

மறுநாள் டேப்லெட்டைத் திறந்தேன். வெள்ளை வண்டி வந்த நாளின் பதிவு, புதிய டீம் லீடரான என் ஒப்பத்துக்காகக் காத்திருந்தது. வெளியேற்றியதற்குக் காரணம் கேட்டது. வாடை, புகை, வெப்பம், மற்றவை. மற்றவை என்பதைத் தொட்டேன். எங்கள் ஊரில் இது வழக்கம் என்று எழுதினேன். படித்துப் பார்த்தேன். புதருக்குள் போனவர்களும் அந்த ஊர்தானே. அதை அழித்தேன். சோதனை என்று பயந்து, பதிவு செய்யாத ஆளை நான் ஒளித்துவைத்தேன் என்று எழுதினேன். கீழே, பதிவில் விடுபட்டவர்களின் பெயர்களுக்கு இடம் விட்டிருந்தது. லியெனின் பெயரை எழுதினேன். அடுத்த வரி காலியாக இருந்தது. ஆங்கில எழுத்துகளை ஒவ்வொன்றாகத் தேடி, பேச்சியம்மாள் என்று எழுதினேன். இந்தப் பெயரில் இங்கே யாரும் வேலை செய்யவில்லையே என்று ஹெலன் கேட்பார். அழிக்காமல் அனுப்பிவிட்டேன்.