தூங்கியதாகச் சொன்ன மதியங்கள்

பட்டப்பகலில் ஜன்னல் கண்ணாடிக்கு அலுமினியத் தாள் ஒட்டுவது குவைத்துக்கு வந்த பிறகு நான் கற்றுக்கொண்ட வேலை. நம் ஊரில் சப்பாத்தியைச் சுற்றிக் கொடுப்பார்களே, அதே தாள்தான். ராத்திரி டியூட்டி பார்க்கிற நர்ஸுகள் தங்கும் விடுதியில் எந்த ஜன்னலைப் பார்த்தாலும் அது மின்னும். உள்ளே கும்மிருட்டு. என் அறையில் இருந்த பிலிப்பைன்ஸ்காரி லிசா தலையணையில் தலை வைத்த மூன்றாவது நிமிடம் குறட்டை விடுவாள். எனக்கு வயிறெல்லாம் எரியும். ஏழு மணி டியூட்டிக்கு இன்னும் எவ்வளவு நேரம் என்று கணக்குப் போட்டுக்கொண்டு புரள்வேன். இப்போது தூங்கினால் ஐந்து மணி நேரம். சரி, இப்போது தூங்கினால் நாலு. கணக்குப் போடப் போட, வருகிற தூக்கமும் ஓடிவிடும்.

இத்தனைக்கும் நான் தூக்கத்துக்குப் பேர் போனவள். தொண்ணூறுகளின் கடைசியில் பெரம்பலூரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தேன். பஸ் ஸ்டாண்டை ஒட்டின அறை. அத்தனை ஹாரன் சத்தத்திலும் பாயை விரித்தால் சாயங்காலம்வரை அசைய மாட்டேன். ஆண்டிமடம் பக்கத்தில் எங்கள் ஊர். லீவுக்குப் போக அரியலூரில் பஸ் மாற வேண்டும். யாரோ ஒரு அம்மாள் தோளில் சாய்ந்து நான் தூங்க, கண்டக்டர் கம்பியைத் தட்டி, "எம்மா, அரியலூரு வந்துட்டு, எறங்குற உத்தேசம் இல்லையா?" என்று கேட்ட நாட்கள் உண்டு. அப்பாவுக்கு இதில் ஒரே பெருமை. "எம் பொண்ணு நின்னுக்கிட்டே தூங்குவா" என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்வார்.

நான் குவைத்துக்குப் போன பிறகு, ஊரில் மற்றவர்கள் போனை எடுத்ததும் சாப்பிட்டாயா என்று கேட்பார்கள். அப்பா மட்டும், "தூங்குனியா பாப்பா?" என்பார். எங்கள் முந்திரித் தோப்பை ஒட்டிய ரோட்டில் சிமெண்டு லாரிகள் ஓயாமல் போகும். "தூக்கம் கெட்ட டிரைவரு லாரியக் கொண்டாந்து புளியமரத்துல சொருவுறத நான் பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன். நீ உசுரோட இருக்கறவனுக்கு ஊசி போடுறவ. தூங்காமப் போவாத" என்பார். தூங்கவில்லை என்று சொன்னால் அவரும் அங்கே தூங்க மாட்டார். அதனால், "நல்லாத் தூங்குனேன்ப்பா, பகல் பன்னெண்டுலேருந்து அஞ்சு வரைக்கும் அடிச்சுப் போட்ட மாதிரி" என்று சொல்லப் பழகிக்கொண்டேன்.

பொய்க்குக் கண் ஒத்துழைக்கவில்லை. வார்டில் இருந்த ஒரு குவைத்திக் கிழவி என் சிவந்த கண்ணைச் சுட்டிக்காட்டி, "பேபி? பேபி?" என்றாள். கைக்குழந்தை அழுது என் தூக்கம் கெடுகிறதா என்று கேட்கிறாள் என்பது எனக்குப் பிடிபடவில்லை. மருந்து கொடுக்கிற அவசரத்தில் யெஸ் யெஸ் என்று தலையாட்டிவிட்டேன். அன்றிலிருந்து தினமும் இரண்டு பேரீச்சம்பழத்தைத் தாளில் மடித்து என் பாக்கெட்டில் போடுவாள், குழந்தைக்காம். கல்யாணமே ஆகாத எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. இல்லை என்று சொல்ல அரபி போதவில்லை. பழத்தைத் தின்றுகொண்டு சும்மா இருந்துவிட்டேன்.

ஊரிலிருந்து குவைத்துக்குப் பேசக் காசு அதிகம் என்பதால் எல்லார் வீட்டையும் போல எங்கள் வீட்டிலும் மிஸ்டு கால்தான். ஒரு தடவை அடித்து நின்றால், கை ஒழிந்தபோது கூப்பிடு. அடுத்தடுத்து இரண்டு தடவை அடித்தால், போட்டது போட்டபடி உடனே கூப்பிடு. என் தூக்க நேரம் வீட்டில் எல்லோருக்கும் மனப்பாடம். அந்த நேரத்தில் யாரும் போனைத் தொடவே மாட்டார்கள்.

இரண்டாயிரத்து ஆறில் ஒரு நாள் மதியம் பன்னிரண்டரைக்குப் போன் ஒரே ஒரு தடவை அடித்து நின்றது. நான் முழித்துக்கொண்டுதான் கிடந்தேன். போன் கையிலேயே இருந்தது. அண்ணன் நம்பர். இரண்டாவது அடிக்கிறதா என்று பார்த்தேன், அடிக்கவில்லை. கூப்பிடலாம் என்று விரல் பட்டன்வரை போனது. இப்போது கூப்பிட்டால் அப்பா, "என்ன பாப்பா, தூங்கலயா?" என்று கேட்பாரே. அந்த ஒரு கேள்விக்குப் பயந்து போனைக் கவிழ்த்து வைத்தேன். ஐந்து மணிக்கு, தூங்கி எழுந்தவள் குரலைத் தயார் செய்துகொண்டு கூப்பிட்டேன். அண்ணன் எடுத்தான். பின்னால் அழுகைச் சத்தம் கேட்டது.

நெஞ்சுவலி என்று அப்பாவைக் காரில் ஏற்றி அரியலூருக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள். வழியில், "பாப்பாகிட்ட ஒரு வார்த்த பேசணும்" என்று கேட்டிருக்கிறார். அண்ணன் ஒரு தடவை அடித்துவிட்டு இரண்டாவது அடிக்கப் போகையில் அம்மா கையைப் பிடித்துக்கொண்டாள். "தூங்குற புள்ளய எழுப்பாதடா, ராவெல்லாம் நிக்கப் போறவ. ஆஸ்பத்திரி போயி ஊசி போட்டதும் பேசிக்கலாம்." ஆஸ்பத்திரி போய்ச் சேர்ந்த அரை மணி நேரத்தில் அப்பா போய்விட்டார். தூங்கி எழுந்து நானே கூப்பிடட்டும் என்று அதற்குப் பிறகும் யாரும் எனக்கு அடிக்கவில்லை. பாவி நான், பேசவே முடியாத தூரத்தில் இருந்திருந்தால்கூடப் பரவாயில்லை, ஒரு பட்டன் தூரத்தில் கிடந்திருக்கிறேன்.

லீவு கிடைத்து நான் ஊருக்குப் போனபோது மூன்று வாரம் ஆகிவிட்டது. மத்தியானம் நான் படுத்ததும் அம்மா தெருப் பிள்ளைகளை விரட்டினாள், டிவியை அணைத்தாள், பிறகு என் பக்கத்தில் தரையில் வந்து உட்கார்ந்தாள். ஆள் பாதியாக இளைத்திருந்தாள்.

"உங்க அண்ணன் எங்கூட சரியாப் பேச மாட்டேங்குறான். நாந்தான் குறுக்க விழுந்து கெடுத்துட்டேங்குறான். ரெண்டாவது தடவ அடிச்சிருந்தா நீ எந்திரிச்சிருப்பியா, சொல்லு?"

முதல் அழைப்பையே நான் பார்த்துக்கொண்டுதான் கிடந்தேன், பாவம் உன்னுடையது இல்லை என்று சொல்லியிருக்க வேண்டும். சொன்னால், அடுத்த கேள்வி ஏன் கூப்பிடவில்லை என்பதுதான். தைரியம் வரவில்லை.

"பத்து தடவ அடிச்சிருந்தாலும் எந்திரிச்சிருக்க மாட்டேம்மா. அப்புடி ஒரு தூக்கம்."

அம்மா என் முகத்தையே பார்த்தாள். "அப்படின்னா சரி" என்று முந்தானையை உதறிப் போட்டு என் பக்கத்தில் படுத்தாள். அப்பா போனதிலிருந்து அவள் கண் மூடவே இல்லை என்று அண்ணி சொல்லியிருந்தாள். இப்போது என் கையைப் பிடித்தபடி சீராக மூச்சு விட்டுத் தூங்கினாள். நான் கையை எடுக்காமல் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு கிடந்தேன். இங்கே மணி இரண்டரை, குவைத்தில் பன்னிரண்டு. இரண்டு ஊரிலும் நான் தூங்கிக்கொண்டிருக்கிற நேரம்.