தம்பி கொண்டுவந்த புதிய பெட்டி

கத்தாரில் வேலை செய்யும் தம்பி மூன்று வார லீவில் லிந்துலைத் தேயிலைத் தோட்டத்துக்கு வந்தபோது, புதிய வீடியோ கேம் பெட்டி ஒன்றைக் கொண்டுவந்தான். என் மனைவி அதற்குச் சந்தனப் பொட்டு வைத்துச் சூடம் காட்டினாள்.

“அண்ணி, காத்து போற ஓட்டையில அப்பிட்டீங்களே!” என்று சிரித்தான்.

நான் யாரோடும் அதிகம் பேசாதவன். அவனோடு மட்டும் பேசியிருக்கிறேன், அதுவும் விளையாட்டைப் பற்றித்தான். அவன் வெளிநாடு போகுமுன் தொழிலாளர் லயத்து வீட்டில் எங்களிடம் ஒரு பழைய பெட்டி இருந்தது. நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். அவனுக்கும் இங்கிலீஷ் வராது. திரையில் வரும் எழுத்து ஒன்றும் விளங்காததால், தோட்டத்தில் தேயிலை மலைகளுக்கு நம்பர் வைப்பதுபோல ஆட்டத்தின் கட்டங்களுக்கும் நம்பர் வைத்துக்கொண்டோம்.

“மூணாம் நம்பர் மலையில பாலம் ஒடையும்ண்ணே, பாஞ்சிரு!” என்று கத்துவான்.

விட்ட இடத்திலிருந்து தொடரலாம் என்பது தெரியாமல், ஒரு வருடம் தினமும் ஒன்றாம் நம்பரிலிருந்தே ஆரம்பித்தோம். பூட்டிய கதவு எப்படித் திறக்கும் என்று பறித்த தேயிலைக் கொழுந்தை நிறுக்கும் இடத்திலும் பேசுவோம். கங்காணி திட்டுவார்.

புதிய பெட்டியில் படம் உண்மை போலவே இருந்தது. சட்டையில் மழை ஊறுவதுகூடத் தெரிந்தது. ஆனால் ஓடுவது, ஒளிவது, சுடுவது, மதில் ஏறுவது எல்லாம் அதே ஆட்டம்தான். போகவேண்டிய பாதைக்கு அம்புக்குறியையும் அதுவே போட்டது. என் விரல்களுக்குத் தெரியாதது அதில் எதுவும் இல்லை.

“எப்பிடிண்ணே?”

“நல்லாருக்கு.”

இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் வெளியே மழை, உள்ளே நாங்கள். நான் விளையாடினேன், அவன் போனைப் பார்த்தான். கத்தாருக்குத் திரும்பிவிட்டால் இரண்டு வருடம் வரமாட்டான். அவன் கிளம்புவதற்குள் ஒரு தடவையாவது அவனோடு முன்போலப் பேசிவிட வேண்டும் என்று மனது அடித்துக்கொண்டது.

கடைசி ஞாயிறு, ஒரு மதிலடியில் வேண்டுமென்றே நின்றேன்.

“டேய், இதுல எப்பிடிடா ஏறுறது? வெளங்க மாட்டேங்குது.”

போனை மடியில் வைத்துவிட்டுக் கன்ட்ரோலரை வாங்கினான். ஒரே ஒரு பட்டன். ஏறியாயிற்று.

“இந்தாண்ணே.”

திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனை எடுத்துக்கொண்டான். மதிலுக்கு அந்தப் பக்கம் இன்னொரு மதில் இருந்தது. அதில் நானே ஏறினேன்.