படலோரம் நீலச் செருப்பு

நாற்பத்திரண்டு வயதில்தான் எனக்குக் கல்யாணம் ஆனது. எங்கள் பக்கத்தில் பெண் கிடைக்காமல் பாலக்காட்டுப் பக்கமிருந்து கூட்டி வந்தோம். நான் ஐந்தாவதோடு நின்றவன். பெண்களை நிமிர்ந்து பார்த்துப் பேசிப் பழகாதவன். அவள்தான் தன் ஊர் வழக்கப்படி என்னைக் கூப்பிட்டு முதலில் பேசினாள். "ஏட்டா, உங்களுக்கு எந்த வேலை இஷ்டம்?"

வெற்றிலை கிள்ளுவது என்றேன். மறுநாளே என்னோடு கொடிக்காலுக்குக் கிளம்பிவிட்டாள்.

பரமத்தி வேலூர்ப் பக்கம், காவிரி வாய்க்கால் தண்ணீரில் வளரும் வெற்றிலைத் தோட்டம் எங்களுடையது. செருப்பை வாசலை மறைக்கும் ஓலைப் படலுக்கு வெளியே கழற்றிவிட்டுத்தான் உள்ளே போவோம். பெண்கள் மாதத்தில் மூன்று நாள் படலைத் தாண்டவே மாட்டார்கள். தாண்டினால் கொடி வாடிவிடும் என்பார்கள். அம்மாவும் தன் இளவயதில் அந்த நாட்களில் வெளியே உட்கார்ந்துதான் வெற்றிலை அடுக்கியிருக்கிறாள். மருமகளிடமும் அதைச் சொல்லிவைத்தாள்.

இவள் தலையாட்டினாள். ஆனால் அந்த நாட்களிலும் வந்தாள். மூன்றாம் மாதம்தான் எனக்கே புரிந்தது. தயங்கித் தயங்கிக் கேட்டேன். அகத்தி மரத்தோடு கொடியைச் சேர்த்துக் கட்டிக்கொண்டே சொன்னாள்: "அந்த மூணு நாளும் என் கையால சோறு திங்கறீங்க. நீங்க வாடலயே."

சிரித்துவிட்டேன். அம்மாவிடம் சொல்லவில்லை.

அடுத்த மாதம் வெற்றிலை கிள்ள வரும் ஒருத்தி அம்மாவிடம் கேட்டாள்: "ஏனுங்க அக்கா, மருமவ முழுகாம இருக்குதுங்களா? நாலு மாசமா அந்த நீலச் செருப்பு ஒரு நாள் தவறாம படலோரம் கெடக்குதே."

அம்மாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. உடனே வந்து மருமகளின் கன்னத்தைத் தடவி, "ஏங்கண்ணு, எங்கிட்டச் சொல்லக்கூடாதா?" என்றாள்.

பொய் சொல்லியிருக்கலாம். "இல்லம்மா. அந்த நாள்லயும் நான் வந்தேன்" என்றாள் இவள்.

அம்மா நேரே போய்ச் செருப்பை எடுத்து ரோட்டில் வீசினாள். "இனி இவ உள்ள வந்தா நான் வரமாட்டேன்."

இவள் ரோட்டில் கிடந்த செருப்பைப் போட்டுக்கொண்டு நடந்தாள். இப்படி எங்கள் ஊருக்கு வாழவந்த ஒருத்தி ஆறே மாதத்தில் பையைத் தூக்கிக்கொண்டு திரும்பிப் போனது ஞாபகம் வந்தது.

"நாந்தாம்மா வரச் சொன்னேன்" என்றேன்.

"நீயா?"

"ஆமா. நாலு மாசமா வாரா. கொடி வாடிப்போச்சா, நீயே பாரு."

கிள்ளிக்கொண்டிருந்த பெண்களெல்லாம் கையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்கள். அம்மா கொடி வரிசையைப் பார்த்தபடி நின்றாள். நான் ரோட்டுக்கு ஓடிப்போய் இவளைக் கூட்டி வந்தேன்.

ஒரு வாரம் அம்மா எங்களோடு பேசவில்லை. தோட்டத்துப் பக்கமும் வரவில்லை. எட்டாம் நாள் காலையில் வந்தவள், படலோரம் கிடந்த நீலச் செருப்பைக் குனிந்து எடுத்தாள். மறுபடியும் வீசப்போகிறாள் என்று ஓடினேன். பக்கத்து மோட்டார் ரூமுக்குள் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தாள்.

"இனிமே அங்க உடு கண்ணு" என்றாள் மருமகளிடம். "போறவ வாரவளெல்லாம் நாள் எண்ணிக்கிட்டுப் போறாளுவ."

பிறகு தன் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, இவள் கிள்ளிப்போட்ட வெற்றிலையை அடுக்க உட்கார்ந்தாள்.