உயிரோடு இருந்த அப்பாவுக்கு ஒரு சந்தன மாலை

அப்பா மறைந்து ஓராண்டு நிறைகிறது. திதிக்கு வந்து இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் என் வணக்கம். அப்பாவின் மரணத்தைப் பற்றி நான் எழுதுவது இது இரண்டாவது முறை. முதல் முறை எழுதியபோது அவர் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார்.

மாதிரிக்கு என்று சித்தப்பா மூன்று நினைவு மலர்களைக் கொண்டுவந்து கொடுத்தார். "இது மாரியே எழுதிடு பாப்பா, ஜாஸ்தி யோசிக்காத" என்றார். மூன்றிலும் இறந்தவர் தியாகச் சுடர்தான். மகளைப் படிக்க வைத்த மாமனிதர் என்று என்னாலும் இரண்டு பக்கம் நிரப்ப முடியும். ஆனால் அது வேண்டாம். நடந்ததை எழுதிவிடுகிறேன்.

பெண்ணாடம் பக்கத்துக் கிராமத்தில், கரும்பு போட்ட குடும்பத்தில் மூன்றாவது பிள்ளையாகப் பிறந்தார் அப்பா. பத்தாம் வகுப்போடு படிப்பு நின்றது. கல்யாணத்துக்குப் பிறகு கடலூருக்கு வந்து, செம்மங்குப்பத்தில் ஒரு தொழிற்சாலையின் பாய்லர் பிரிவில் சேர்ந்தார். சின்ன வயதிலிருந்தே ஆஸ்துமா உண்டு. குடி கிடையாது. பொய்யும் கிடையாது. பஸ்ஸில் எனக்கு டிக்கெட் வேண்டாம் என்று கண்டக்டரே விட்டாலும், "இல்லிங்க, போன மாசமே அஞ்சு வயசு முடிஞ்சிடுச்சி" என்று வலியப் போய் வாங்குகிற மனிதர்.

பிளஸ் டூவில் நான் நல்ல மதிப்பெண் வாங்கினேன். அந்தச் சான்றிதழின் நகலை லேமினேட் செய்து சாப்பாட்டுப் பையில் வைத்துக்கொண்டு திரிந்தார். பல் பிடுங்கப் போன இடத்தில், வாயில் பஞ்சோடு அதை டாக்டரிடம் நீட்டியிருக்கிறார். வடக்கே ஒரு பெரிய பல்கலைக்கழகம், முழு உதவித்தொகை, நாடு முழுவதும் சேர்த்தே கொஞ்சம் பேரைத்தான் எடுப்பார்கள் என்று யாரோ சொன்னதும் அப்பாவுக்குத் தூக்கம் போய்விட்டது. சிதம்பரத்தில் விண்ணப்பம் எழுதித் தருகிற ஆலோசகர் ஒருவர் இருப்பதாக விசாரித்து, லீவு போட்டுவிட்டு என்னை அழைத்துப்போனார்.

விண்ணப்பத்தோடு ஒரு கட்டுரை எழுதவேண்டும். அப்பாவிடம் பாய்லர் மீட்டர் பார்க்கக் கற்றுக்கொண்டதைப் பற்றி நான் எழுதிப்போயிருந்தேன். ஆலோசகர் அரைப்பக்கம் படித்துவிட்டுத் தள்ளி வைத்தார். "அப்பா இருக்காரு, வேலைக்குப் போறாரு, பாசமா வளக்குறாரு. இதுல இன்னா கீது? இதுக்கு எவன் சீட்டு குடுப்பான்? அப்பா இல்லாத பொண்ணுன்னா கதையே வேற" என்றார். அப்பா டீ கிளாஸைக் கீழே வைக்கவில்லை. சிரித்துக்கொண்டே, "அப்ப இல்லன்னே போட்டுக்குங்க சார். பேப்பர்ல சாவறதுக்கு வலிக்கவா போவுது" என்றார்.

நான் எழுதினேன். தொழிற்சாலை விபத்தில், நான் ஒன்பதாவது படிக்கும்போது இறந்துவிட்டதாக எழுதினேன். இறுதி ஊர்வலத்துக்கு மழையையும் சேர்த்தேன், அதை யாரும் கேட்கக்கூட இல்லை. ஆலோசகர் தொடையில் தட்டிப் பாராட்டினார். அப்பா அந்த ஆங்கிலத்தை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "எம்மாம் நீளமா எழுதிக்கிறா பாருங்க சார்" என்றார். அந்த ஆலோசகர் மேல் எனக்கு அருவருப்பு உண்டு. அதைவிட, அன்று திரும்பும் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து அந்த மழை வரியை மனதுக்குள் மெச்சிக்கொண்டு வந்தவளை நினைத்தால்தான் தாங்கவில்லை.

கட்டுரை தேர்வானது. அடுத்தது வீடியோவில் நேர்காணல். குடும்பத்தையும் வீட்டையும் பார்க்க வேண்டும் என்றார்கள். ஆலோசகர் போனில் சொல்லிக் கொடுத்தார். அம்மா நெற்றியில் பொட்டு இருக்கக்கூடாது, தாலி வெளியே தெரியக்கூடாது, அப்பா படத்துக்கு மாலை போட்டிருந்தால் ரொம்ப நல்லது. அப்பாவே திருப்பாப்புலியூர் கடைத்தெருவுக்குப் போய்ச் சந்தன மாலை வாங்கி வந்தார். "பூ வாடிடும். இது அடுத்த ரவுண்டுக்கும் ஆவும்" என்று சொல்லிக்கொண்டே ஸ்டூலில் ஏறித் தன் படத்துக்குத் தானே போட்டார்.

அம்மா அழுதார். "இன்னாங்க இது, குத்துக்கல்லாட்டம் நீங்க நின்னுனு இருக்கச் சொல்ல நான் எப்பிடிங்க பொட்ட அழிப்பேன்?"

"ஒரு மணி நேரம் தானடி. புள்ள வாழ்க்க."

அம்மா கண்ணாடியைப் பார்க்காமல் முந்தானையால் நெற்றியைத் துடைத்தார். குங்குமம் சட்டென்று போகவில்லை. நான்தான் துணியை நனைத்துக் கொடுத்தேன்.

நேர்காணல் முடியும்வரை அப்பா சமையலறைக் கதவுக்குப் பின்னால் இருந்தார். அன்று மூச்சு இளைப்பு அதிகம். இருமல் வெளியே கேட்டுவிடக் கூடாதே என்று துண்டை வாயில் திணித்துக்கொண்டிருந்தார். திரையில் இருந்த அம்மையார் ஆங்கிலத்தில், மிகவும் கனிவாக, "உங்கள் அப்பா இருந்திருந்தால் பெருமைப்பட்டிருப்பார், இல்லையா?" என்று கேட்டார். எனக்கு அழுகை வெடித்துவிட்டது. வெட்கத்தில் அழுதேன். அவர்கள் துக்கம் என்று நினைத்தார்கள். மடிக்கணினியை மூடியதும் அப்பா வெளியே வந்தார். முகம் கறுத்து, கண்கள் சிவந்திருந்தன. மூச்சு வாங்கிக்கொண்டே, "அந்தம்மா இன்னா சொன்னாங்க? என்னப் பத்தி ஏதோ கேட்டாங்களே?" என்றார், ஆசையாக.

இடம் கிடைத்தது. பெருமையில் செம்மங்குப்பம் முழுக்க லட்டு கொடுத்தார்.

விடுதியில் சேர்க்க வந்தபோது, கூட வந்தவர் யார் என்று வாசலில் கேட்டார்கள். நான் வாயைத் திறப்பதற்குள், "மாமா சார், அவங்க அம்மாக்குத் தம்பி" என்றார். ரயிலிலேயே ஒத்திகை பார்த்திருக்கிறார். அறைத்தோழியின் அப்பாவும் தமிழர்தான். அவரிடம், "இவ அப்பா தங்கமான மனுசன் சார். இருந்திருந்தா இன்னிக்குத் தலகால் புரிஞ்சிருக்காது" என்று தன்னைத் தானே புகழ்ந்துவிட்டு என்னைப் பார்த்துக் கண்ணடித்தார். நான் சிரித்தேன். ஆமாம், சிரித்தேன்.

பட்டமளிப்பு விழாவுக்கு அம்மா வரவில்லை. அப்பா மட்டும் வந்து, மாமாவாகவே கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார். மற்றப் பெண்கள் கறுப்பு அங்கியோடு அப்பாக்களின் தோளில் சாய்ந்து படம் எடுத்துக்கொண்டார்கள். யாராவது பார்த்து முகஜாடை கண்டுபிடித்துவிடுவார்களோ என்று பயந்து, நான் அவர் கையில் போனைக் கொடுத்து என்னைத் தனியாக எடுக்கச் சொன்னேன். இந்த மலருக்காகத் தேடினேன். அந்த அங்கியோடு நான் அவருடன் சேர்ந்து நிற்கும் படம் ஒன்றுகூட இல்லை.

போன வருடம் மாரடைப்பு வந்து, இரண்டு நாள் மருத்துவமனையில் இருந்து அப்பா போனார். கடைசியாக நர்ஸிடம், "எம் பொண்ணு எங்க படிச்சான்னு தெரியுமாம்மா?" என்று கேட்டுக்கொண்டிருந்தாராம்.

பதினாறாம் நாள் காரியத்தில் அம்மா நெற்றியைத் தொட விடவில்லை என்று உங்களில் பலருக்கு இன்றுவரை வருத்தம். "அந்த மனுசன் உசுரோட இருக்கச் சொல்லவே ஒருதரம் அழிச்சிட்டேன். இன்னொரு தரம் அழிக்க மாட்டேன், போங்க" என்று அம்மா கத்தியதற்குப் பொருள் புரியாமல் திமிர் என்றீர்கள். காரணம் இதுதான். குற்றம் என்னுடையது.

ஆஸ்பத்திரிக்குத் தன் வண்டியில் கொண்டுபோன எதிர்வீட்டு மாமாவுக்கும், இரண்டு நாளும் கஞ்சி கொண்டுவந்த அத்தைக்கும், பாடையைத் தோள் மாற்றாமல் சுமந்த தொழிற்சாலை நண்பர்களுக்கும், எல்லாக் காரியத்தையும் முன்னின்று நடத்திய சித்தப்பாவுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. ஆலோசகரும் போன் செய்தார். என் படத்தைப் போட்டு இந்த மலரின் பின்னட்டையில் ஒரு விளம்பரம் கொடுக்கலாமா என்று கேட்டார். அவருக்கு நன்றி இல்லை. பின்னட்டை வெறுமையாக இருப்பது அச்சுப்பிழை அல்ல.

பல்கலைக்கழகத்துக்கு எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டு ஒரு கடிதம் எழுதி வைத்திருந்தேன். பட்டம் போகலாம், அதை வைத்துக் கிடைத்த வேலையும் போகலாம். சித்தப்பா அனுப்பவே கூடாது என்றார். செத்தவருக்கும் கெட்ட பேர் வரும் என்றார். இந்தக் கட்டுரையையும் அந்தக் கடிதத்தையும் அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன்.

"உங்கப்பா இருந்திருந்தா இத அனுப்ப உட்டுருக்க மாட்டாரு. படிச்ச படிப்பு போயிடும்னா இன்னொரு தபா சாவறதுக்கும் ரெடியா இருப்பாரு அந்தப் பைத்தியக்கார மனுசன்" என்றார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "நீ அனுப்பு. ஒருதரம் செத்தாப் போதும் அவுரு."

அனுப்பிவிட்டேன்.

இப்படிக்கு,
மகள்