சனிக்கு டார்ச் அடித்த ஊர்

சிவப்புக் கண்ணாடித்தாளை டார்ச் லைட்டின் முகத்தில் கட்டிக் கொஞ்ச நேரம் எரியவிட்டால், சூட்டில் அது சுருங்கி, கருகப்போகும் சர்க்கரையைப் போல ஒரு வாசனை விடும். இன்றைக்கும் எங்காவது பரிசுப் பொட்டலத்தின் சிவப்புத் தாளைக் கையில் எடுத்தால் போதும், ராபர்ட்சன்பேட்டையில் அப்பாவின் "லைட்டுக் கடை"யும், அதன் வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து இருமிக்கொண்டிருக்கும் மாணிக்கம் மாமாவும் எனக்கு முன்னால் வந்துவிடுகிறார்கள்.

மாமா என்றால் சொந்த மாமா இல்லை. அப்பாவோடு பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர். அப்பா பல்பு விற்க வந்தார், அவர் நந்திதுர்க் தங்கச் சுரங்கத்தில் "அண்டர்கிரவுண்டு" வேலைக்குப் போனார், அவ்வளவுதான் வித்தியாசம். சுரங்கத்தை மூடிய பிறகு மாமாவுக்குப் போக ஷிப்ட் இல்லை, ஆனால் வீட்டில் உட்காரவும் தெரியவில்லை. மாலையானால் எங்கள் கடை வாசலுக்கு வந்துவிடுவார். கல்தூசு அவர் நெஞ்சில் தங்கிவிட்டது. இரண்டு வாக்கியம் பேசினால் ஒரு முறை நின்று மூச்சு வாங்க வேண்டும். அதையும் அவர் விளையாட்டாகவே சொல்லுவார்: "மைனை மூடினவங்க எல்லாத்தியும் கணக்குப் பண்ணி மூடினாங்க கண்ணு. என் நெஞ்சுல இருக்கிற பாதி மைனை மட்டும் மறந்துட்டாங்க."

ஆனால் சோசியருக்கு அது தூசு இல்லை, சனி. சுரங்கம் மூடினபோது "ஏழரைச் சனி" என்றார்; ஏழரையும் ஓடி முடிந்து நெஞ்சு இன்னும் மோசமானபோது, இனி அஷ்டமச் சனி வரும் என்றார். சனிக்கிழமைதோறும் மாமாவின் மனைவி சரசா அத்தை கோயிலில் எள் விளக்குப் போட்டுவிட்டு வந்து மாமாவின் நெற்றியில் விபூதி வைப்பாள். மாமா கண்ணை மூடி வாங்கிக்கொள்வார், மூடிய கண்ணுக்குள் என்ன நினைத்தாரோ தெரியாது.

எனக்கு அப்போது பதினொரு வயது. கையில் கிடைத்த அறிவியல் புத்தகத்தையெல்லாம் தின்றுகொண்டு, கேட்டவர் கேட்காதவர் எல்லாரிடமும் கிரகங்களைப் பற்றி ஒப்பித்துக்கொண்டு திரிந்த காலம். முழுப் பரீட்சை முடிந்த அந்தக் கோடையில்தான், பெங்களூரிலிருந்து சில இளைஞர்கள் தொலைநோக்கிகளோடு வரப்போவதாகவும், எங்கள் பூங்காவில் ஒரு சனிக்கிழமை மாலை ஊர் மக்களுக்கு இலவசமாக வானம் காட்டப்போவதாகவும் கடைச் சுவரில் ஒரு தாள் ஒட்டினார்கள். சனிக் கிரகத்தின் வளையம் தெரியும் என்று அதில் போட்டிருந்தது. பூங்கா விளக்குகளை அணைத்துவிடுவார்கள், டார்ச் கொண்டுவருகிறவர்கள் அதற்குச் சிவப்புத் தாள் கட்ட வேண்டும், வெள்ளை வெளிச்சம் பட்டால் இருட்டுக்குப் பழகிய கண் கெட்டுப்போகும் என்று அப்பாவிடம் சொல்லிவிட்டுப் போனார்கள். விளக்கு விற்கிற மனுஷனிடம் வந்து இருட்டு கேட்கிறார்களே என்று அப்பா சிரித்தார். ஆனாலும் கடையில் இருந்த டார்ச்சுகளையெல்லாம் இரவலாகக் கொடுக்க எடுத்து வைத்தார். நான் உட்கார்ந்து ஒவ்வொன்றுக்கும் தாள் கட்டினேன்.

"சனின்னா, நம்ம சனியா?" என்று மாமா கேட்டார்.

"அதேதான் மாமா. நேரா பாக்கலாம்."

அவர் கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினார். "அப்போ நான் வரேன். அவன் மூஞ்சியப் பாத்து ஒண்ணு கேக்கணும். மைனை மூடினது, நெஞ்சுல தூசு சேந்தது, ரெண்டும் உன் வேலையா, இல்ல வேற யாருதாச்சுமான்னு."

அத்தை பதறிவிட்டாள். எங்கள் பக்கத்தில் சனி பகவான் சந்நிதியில் யாரும் எதிரே நிற்பதில்லை. அவர் பார்வை படாமல் பக்கவாட்டில் ஒதுங்கி நின்றுதான் கும்பிடுவது. "நேருக்கு நேர் பாக்கக் கூடாதுய்யா. திங்கக்கெழம ஆஸ்பத்திரிக்குப் போறத வெச்சிக்கினு இன்னா வெளையாட்டு இது?"

"அவன் மட்டும் இத்தினி வருசமா என்னிய நேருக்கு நேராத்தானே பாத்துக்கினு இருக்கான்?" என்றார் மாமா.

"டேய் மாணிக்கம், பேசறதுதான் பேசற, என் கடை விசயத்தையும் ஒரு வார்த்த கேட்டுடு" என்றார் அப்பா. சிரித்தோம். ஆனால் திங்கட்கிழமை மாமாவின் மகன் வந்து அவரைப் பெங்களூருக்கு அழைத்துப்போகப் போகிறான், அங்கே போனவர் எங்கள் ஊருக்கு வரும் மாரிகுப்பம் ரயிலில் திரும்பி வருவது சந்தேகம் என்பது சிரித்த எல்லாருக்கும் தெரியும். சனிக்கிழமை மாலையை விட்டால் அவருக்கு வேறு மாலை இல்லை.

ஊரே வந்திருந்தது என்று சொல்லலாம். பெண்கள் சிலர் செருப்பைக் கழற்றிவிட்டே வரிசையில் நின்றார்கள். பூங்கா விளக்குகள் அணைந்ததும், குழந்தைகள் ஓவென்று கத்த, பெரியவர்கள் மட்டும் சட்டென்று அமைதியானார்கள். பழைய சுரங்கத்து ஆட்களுக்கு அந்தச் சிவப்பு டார்ச்சுகள் கொஞ்சமும் பிடிக்கவில்லை. "செகப்பு லைட்டுன்னா கிட்ட போகாதன்னுதானே அர்த்தம், இங்க இன்னாடான்னா கிட்ட வான்னு காட்றானுங்க" என்று ஒருவர் முணுமுணுத்தார்.

மாமாவால் வரிசையில் நிற்க முடியவில்லை. அதை யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. கீழேயிருந்து ஆளை ஏற்றும் "கேஜ்" கூண்டுக்கு வரிசை நிற்கும்போது உடம்பு முடியாதவனை முன்னால் விடுவது அவர்கள் வழக்கம். ஆளுக்கு ஆள் ஒதுங்கி, தோளைத் தொட்டுத் தொட்டு மாமாவை முன்னே அனுப்பினார்கள். அவர் கையைப் பிடித்தபடி நானும் போனேன். அத்தை ஒரு மரத்தடியில், தொலைநோக்கிக்குப் பக்கவாட்டாக, முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு நின்றாள்.

பெங்களூர்ப் பையன்களில் ஒருவன் தொலைநோக்கியில் சனியைப் பிடித்து வைத்திருந்தான். மாமா குனிந்தார். குனிந்தால் அவருக்கு மூச்சு முட்டும், அதை நாங்கள் யாருமே யோசித்திருக்கவில்லை. கண்ணைக் குழாயில் வைக்கப்போன நேரத்தில் இருமல் வந்து அவரை உலுக்க, ஒரு கை காற்றில் துழாவியது.

சுரங்கத்தில் ஒரு சட்டம் உண்டு. யாரும் எழுதி வைக்காதது. கீழே ஒருவன் விளக்கு அணைந்தாலோ, அவன் தடுமாறினாலோ, பக்கத்தில் இருப்பவன் கேள்வி கேட்காமல் தன் விளக்கை அவன் பக்கம் திருப்ப வேண்டும். பின்னாலிருந்து ஒரு குரல், "டேய், மாணிக்கத்துக்கு லைட்டு காட்றா!" என்றது. அவ்வளவுதான். சரசரவென்று தாள் கிழிபடும் சத்தம்; நான் அரை நாள் உட்கார்ந்து கட்டிய சிவப்புத் தாள்களையெல்லாம் பிய்த்துப்போட்டுவிட்டு, எங்கள் கடை டார்ச்சுகள் அத்தனையும் வெள்ளை வெளேரென்று மாமாவின் மேல் விழுந்தன. அவர் காலில், முதுகில், முகத்தில், அந்தக் குழாயின் மேல், எங்கும் வெளிச்சம். பையன் கண்ணை மூடிக்கொண்டு, "லைட் ஆஃப் மாடி, ப்ளீஸ், ஆஃப் மாடி!" என்று விளக்கை அணைக்கச் சொல்லிக் கன்னடத்தில் கெஞ்சினான். கன்னடம் தெரியாதவர் அங்கே யாரும் இல்லை. ஆனால் தடுமாறுகிறவன் மேலிருந்து விளக்கை எடுக்கத்தான் யாருக்கும் கை வரவில்லை. மாமா விழாமலிருக்கக் குழாயையே பிடித்துக்கொண்டு, கூசிய கண்ணை அதில் வைத்து, சற்று நேரம் அப்படியே நின்றார்.

"தெரியுதா மாணிக்கம்?"

"தெரியுது, தெரியுது" என்றார் மாமா. "மேல் லெவல்ல நின்னு அண்ணாந்தா ஷாப்டு வாய் தெரியுமே, காசாட்டம் வெளிச்சமா. அதே மாதிரி. சுத்தி வளையமும் இருக்குது."

கூட்டம் கைதட்டியது. அடுத்தது நான். ஆவலோடு கண்ணை வைத்தேன், கறுப்பு. ஒரு நட்சத்திரம்கூட இல்லை. அவர் பிடித்த பிடியில் குழாய் எங்கோ திரும்பிவிட்டிருந்தது. ஷாப்டு என்பது அவர்கள் இறங்கி ஏறிய செங்குத்துக் கிணறு. அதன் வாயைத்தான் மாமா தன் நினைவிலிருந்து எடுத்துச் சொல்லியிருக்கிறார் என்பது எனக்கு அந்த இருட்டுக்குள்ளேயே புரிந்துபோனது. "ஒண்ணுமே…" என்று நிமிர்ந்தேன். மாமாவின் கை என் தோளை அழுத்தியது. அந்தப் பையன் மறுபடி சனியைத் தேடிக்கொண்டிருக்கும்போதே கிழக்கிலிருந்து மேகம் ஏறி, அன்றைய வானத்தை மூடிவிட்டது.

திரும்பி நடக்கும்போது அத்தைதான் கேட்டாள், பாதி பயத்தோடு: "கேட்டியாய்யா அவனை?"

"கேட்டேன்."

"இன்னா சொன்னான்?"

மாமா நின்று மூச்சு வாங்கினார். "நீ யாருன்னே எனக்குத் தெரியாதேன்னுட்டான்."

வீடு வரைக்கும் அப்பா டார்ச்சை அவர் காலடிக்குக் காட்டிக்கொண்டே வந்தார்.

பெங்களூருக்குப் போன மாமா திரும்பவில்லை. அத்தை சனிக்கிழமை விளக்கை நிறுத்திவிட்டாள் என்று பிறகு கேள்விப்பட்டேன். கோபமா, இல்லை அந்தப் பதிலை அவள் நம்பிவிட்டாளா என்று கேட்கும் தைரியம் எனக்கு இன்றுவரை வரவில்லை.

போன மாதம் ஊருக்குப் போயிருந்தபோது என் சொந்தத் தொலைநோக்கியைப் பூங்காவுக்குக் கொண்டுபோனேன். அப்பாவின் கடை இருந்த இடத்தில் இப்போது கைபேசி பழுதுபார்க்கிறார்கள். பூங்கா நடுவில் உயரக் கம்பம் நட்டுப் பகல் போல வெளிச்சம் போட்டிருக்கிறார்கள்; வானத்தில் எண்ணிப் பார்க்க நாலு நட்சத்திரம்கூட மிச்சமில்லை. மூட்டை கட்டலாம் என்று நினைத்தபோது கரண்ட் போயிற்று. ஊர் மொத்தமும் இருட்டு. அவசரமாகக் குழாயைத் திருப்பிச் சனியைப் பிடித்தேன்: நறுக்கென்று, வளையத்தோடு, சின்னதாக, யாரையும் அறியாததாக நின்றுகொண்டிருந்தது. மாமா சொன்னது சரிதான். அதற்கு நம்மைத் தெரியாது.

நிமிரும்போது கால் இடறி, தொலைநோக்கியின் முக்காலியைப் பிடித்துக்கொண்டு தடுமாறினேன். நடைபாதையில் ஆட்கள் போய்க்கொண்டுதான் இருந்தார்கள். அவரவர் கைபேசி வெளிச்சம் அவரவர் முகத்தில். தொலைநோக்கிக்காரர்கள் ஏங்குகிற அப்பழுக்கில்லாத இருட்டு என்னைச் சுற்றி அப்படியே இருந்தது. யாராவது வந்து அதைக் கெடுக்க மாட்டார்களா என்று கொஞ்ச நேரம் நின்று பார்த்தேன்.