இரட்டை முடிச்சு

வார்டு ஆயா அகத்தாவின் கைகள் அழுக்கு விரிப்பின் நான்கு மூலைகளையும் இழுத்துக் கட்டி, முடிச்சின் மேல் இன்னொரு முடிச்சைப் போட்டன. இரட்டை முடிச்சு இருந்தால் மூட்டையைக் கையால் பிரிக்கக்கூடாது. அப்படியே கொதிக்கும் அண்டாவில் போட்டுவிட வேண்டும். டைபாய்டு நோயாளிகளின் துணிக்கு அதுதான் அடையாளம். மலேசியாவில், தென் கெடாவின் அந்த அரசாங்க ஆஸ்பத்திரியில் தொற்றுநோய் வார்டுக்காரர்களும் சலவைக்கூடத்துக்காரர்களும் இருபது வருடமாக வாய்ப்பேச்சில் வைத்திருந்த வழக்கம். எந்தத் தாளிலும் எழுதியதில்லை.

1986இல் சலவை வேலை தனியார் குத்தகைக்கு, ஊர்ப்பேச்சில் 'கொந்திராக்கு'க்கு, போனது. பழைய சலவைக்காரர் இருளப்பனை வேறு ஊருக்கு மாற்றினார்கள். அகத்தாவுக்கு வயிறு எரிந்தது. ஆனால் இருளப்பன் காலத்தில் நாலு நாள் மழை பிடித்தால் விரிப்பு வராது. நோயாளிகள் ரப்பர் ஷீட்டில் வெறும் முதுகோடு கிடப்பார்கள். குத்தகைக்காரரின் வேன் ஒரு நாளும் தவறவில்லை. துணி வெளுத்து, மொடமொடவென்று வந்தது. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

குத்தகைக்காரரிடம் வேலைக்குச் சேர்ந்து மூட்டை எடுக்க வந்தவள் மெர்போக் தோட்டத்து மருதம்மாள். புருஷன் இல்லாதவள், இரண்டு பிள்ளைகள்.

"அக்கா, ஒங்க முடிச்ச அவுக்கிறதுக்குள்ள நகமே பேந்துருது லா!"

"ஏன், கொந்திராக்குல நகத்தையும் சேத்து எழுதி வாங்கிட்டாங்களா?" என்றாள் அகத்தா.

மருதம்மாள் சிரித்துக்கொண்டே போய்விட்டாள். கையால் பிரிக்கிறாள் என்பது அகத்தாவுக்கு அப்போதே புரிந்தது. வேலையைப் பிடுங்கிக்கொண்டவர்கள் தாங்களே கற்றுக்கொள்ளட்டும் என்று வாயை மூடிக்கொண்டாள்.

ஒரு மாதம் கழித்து ஏழாம் கட்டிலுக்குப் புது நோயாளி வந்தாள். உடம்பைத் துடைக்க அவள் முகத்தைத் தன் பக்கம் திருப்பிய அகத்தா அப்படியே நின்றுவிட்டாள். மருதம்மாள். நாக்கு காய்ந்து, கண் சொருகி, எதிரே நிற்பது யாரென்று தெரியாமல் பிதற்றிக்கொண்டிருந்தாள். கையிலிருந்த தண்ணீர் பேசின் நழுவி விழுந்து, தண்ணீர் வார்டு முழுக்க ஓடியது. இத்தனை வருடத்தில் அகத்தா எதையும் கீழே போட்டதில்லை.

காய்ச்சல் இறங்கப் பன்னிரண்டு நாள் ஆயிற்று. குத்தகைக்காரரின் மேற்பார்வையாளர் ஹெர்பர்ட் ஆரஞ்சுப் பழத்தோடு பார்க்க வந்தார்.

"தோட்டத்துத் தண்ணியில வந்திருக்கும்மா. ஒன் எடத்துக்கு வேற ஆள் போட்டாச்சு. அப்புறமா வா, பாக்கலாம்."

தாதி கேதரின் குறுக்கிட்டாள். "வேலையில வந்த நோவுன்னா சொக்சோ, தொழிலாளர் இன்சூரன்ஸ், கவனிக்கும். வேலையையும் நீங்க இப்படி எடுக்க முடியாது."

"வேலையில வந்துச்சுன்னு யாரு மிஸ்ஸி சொல்றது? தொத்துத் துணின்னு எங்ககிட்ட ஒருத்தரும் சொல்லலியே."

அகத்தாவுக்குத் தெரியும்: அந்த மனிதர் பொய் சொல்லவில்லை.

அவர் போனதும் மருதம்மாள் மெல்லக் கேட்டாள். "முடிச்சுக்கு அர்த்தம் இருந்துச்சாக்கா?"

"இருந்துச்சு."

"நான் கையால பிரிக்கிறது ஒங்களுக்குத் தெரியும்ல?"

"தெரியும்."

மருதம்மாள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். அகத்தா குத்தகைக்காரனை ஏசத்தான் ஆறு மாதமாக வாய் வைத்திருந்தாள்; இந்தப் பெண்ணுக்கு ஒரு வார்த்தை சொல்ல அந்த வாய் வரவில்லை. இப்போது உண்மையைச் சொன்னால் விசாரணை வரும். பென்ஷனுக்கு நாலு வருடம் பாக்கி.

மறுநாள் காலை, வார்டுக்குப் போகுமுன் அகத்தா அலுவலகத்தில் ஒரு தாள் வாங்கி, தனக்குத் தெரிந்த மலாய் மொழியில் எழுதினாள்: மூட்டையில் நோய் இருந்தது எனக்குத் தெரியும், மருதம்மாள் கையால் பிரித்ததும் தெரியும், நான் சொல்லவில்லை.

குமாஸ்தாவான கிராணி பரஞ்சோதி படித்துவிட்டுத் தலைநிமிர்ந்தார். "அக்கா, இது மேல போச்சுன்னா ஒங்களத்தான் கூப்புடுவாங்க."

"கூப்புடட்டும் தம்பி. சொக்சோவுக்கு ஒரு காப்பி போடு" என்று சொல்லி, அடியில் கையெழுத்துப் போட்டாள்.