சட்டை மாற்றிய பத்திகள்

தெருவே அவளை சிஸ்டர் என்றுதான் கூப்பிடும். டாக்டர் எழுதிய மருந்தை நோயாளியின் அட்டையில் புள்ளி பிசகாமல் எடுத்தெழுதுவதில் வார்டில் அவளை மிஞ்ச ஆளில்லை. அந்தக் கைதான் பகுதிநேர முனைவர் பட்ட ஆய்வில் அவள் காலை வாரியது.

நோயாளிகள் ஏன் மருந்தைப் பாதியில் நிறுத்துகிறார்கள் என்பது ஆய்வு. முதல் அத்தியாயத்தைப் புரட்டிய நெறியாளர் அம்மா கண்ணாடியைக் கழற்றினார்.

“என்னம்மா இது? ஒரு புத்தகத்துலருந்து மூணு பக்கத்தை அப்படியே எடுத்து, ‘ஆகவே’ன்னு இருந்தத மட்டும் ‘எனவே’ன்னு மாத்தியிருக்கீங்க. சட்டைதான் புதுசு, ஆள் அதே ஆள்.”

“வார்டுல ஒரு எழுத்து மாறினாக்கூட ஆபத்து மேடம்.”

“இங்க மாறாட்டி ஆபத்து. திங்கட்கிழமையும் இப்படியே வந்தா உங்க ஆய்வுப் பதிவையே ரத்து பண்ணிடுவாங்க.” சிஸ்டரின் முகம் தொங்கியதைப் பார்த்துக் குரலைத் தணித்தார். “டியூட்டி மாறும்போது அடுத்த நர்ஸ்கிட்ட அட்டையைப் படிச்சா காட்டுறீங்க?”

“இல்ல மேடம், வாயால சொல்லுவேன்.”

“அதேதான். புத்தகத்தை மூடிட்டு யார்கிட்டயாவது சொல்லுங்க. அப்புறம் எழுதுங்க.”

வீட்டில் அகப்பட்டவள் நாத்தனார். அழகு நிலையம் நடத்துபவள். கை ஓய்ந்தாலும் வாய் ஓயாது. துணி மடித்துக்கொண்டே சிஸ்டர் சொன்னதைக் கேட்டாள்.

“அண்ணி, செய்தி வாசிக்கிற மாதிரி இருக்கு. மனுஷ பாஷையில சொல்லுங்க.”

சிஸ்டர் மறுபடி சொன்னாள். தடுமாறி, தன் வார்டுக் கதை ஒன்றையும் சேர்த்து இன்னொரு தடவை சொன்னாள்.

“அட, வலி போனா மாத்திரையும் போச்சு! இவ்வளவுதானே? இதுக்கா மூணு பக்கம் எழுதினாரு? சரியான வளவளா!”

‘வலி போனா மாத்திரையும் போச்சு’ என்ற வரியை விட்டுவிட சிஸ்டருக்கு மனம் வரவில்லை. மூன்று பக்கத்தையும் தன் சொந்த வாக்கியங்களில் ஒரு பத்தியாக்கி, நடுவில் அதை வைத்தாள். சூடு கண்ட பூனை அல்லவா? அடிக்குறிப்பும் போட்டாள்: ‘நேர்ப்பேச்சு, நாத்தனார், துணி மடிக்கையில்.’

திங்கட்கிழமை நெறியாளர் கண்ணில் நீர் வரச் சிரித்தார்.

“நாத்தனாரை மறக்கல, சரி. புத்தகக்காரர் எங்கம்மா? வார்த்தை உங்களோடதா இருந்தாலும் விஷயம் அவரோடதுதானே?”

சிஸ்டர் நாக்கைக் கடித்துக்கொண்டு, அங்கேயே உட்கார்ந்து அவர் பெயரையும் பக்க எண்ணையும் சேர்த்தாள். அத்தியாயம் பிழைத்தது.

அச்சான பக்கத்தை நாத்தனார் மேலும் கீழும் பார்த்தாள்.

“அந்த ஆளை வளவளான்னு சொன்னேனே, அத எங்க காணோம்?”

“அதுக்குப் பேருதான் சுருக்கி எழுதுறது,” என்றாள் சிஸ்டர்.